காடையிற் காணும் குறைகள்

எப்பொருளிலும் நிறைவையே நாடுதல் மக்களின் இயல்பு. சந்தையிற் கத்தரிக்காய் வாங்குவோன் புழுத்துளை இல்லாத காயைப் பொறுக்கி எடுக்கின்றான். மாடு பிடிப்போன் சுழியும் பல்லும் பார்த்தே விலை பேசுகின்றான். விதைக்கு நெல் எடுத்து வைப்போன் பதரைத் தூற்றிவிட்டு மணியை மட்டும் கொள்ளுகின்றான். இவ்வியல்பு மக்களிடம் இல்லையாயின் உழவும் இல்லை, கால்நடை வளர்ப்பும் இல்லை. ஆயினும் அறிவை நாடுவோர்க்கு வேறொரு நெறியும் உண்டு. நிறைவுடைய பொருள் தன் உள்ளமைப்பை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. செவ்வனே ஓடும் கடிகாரத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அது நின்றபோதுதான் எந்தச் சக்கரம் எதனை இயக்கியது என்று நோக்குகின்றோம். உயிர்களின் உடலும் அத்தகையதே. இவ்வுண்மையை எமக்கு நன்கு விளக்கிய ஆசிரியர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பறவை. காடையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

காடை தமிழர்க்குப் புதியதன்று. பழந்தமிழ் நூல்கள் அதனைக் குறும்பூழ் என்று வழங்கின. குறும்பூழ்களைப் போர் செய்யவிட்டு மகிழ்ந்த வழக்கத்தைக் கலித்தொகையின் மருதக்கலியிற் காணலாம். புல்வெளிகளிலும் புன்செய்க் கொல்லைகளிலும் மழைக்காலத்திற் குரல் கொடுக்கும், மார்பிற் கரிய திட்டுடைய காடையினம் ஒன்றிற்கு விலங்கியலார் இட்ட இலத்தீன் பெயரிலே எம் சோழமண்டலக் கரையின் பெயர் அமைந்திருத்தல் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இன்று பண்ணைகளில் வளர்க்கப்பெறுவது அவ்வினமன்று. ஜப்பான் காடை என்னும் வேறோர் இனமாகும்.

ஜப்பானியர் இப்பறவையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் குரலின்பம் கருதியே கூட்டில் வைத்து வளர்த்தனர். எவருடைய காடை இனிது கூவுகின்றது என்று போட்டிகளும் நடத்தினர். 1910ஆம் ஆண்டை ஒட்டி முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் அதனைப் பெருந்தொகையாக வளர்க்கத் தலைப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் அக்காடைகள் பெரும்பாலும் அழிந்தன. போருக்குப்பின் எஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டே அந்நாட்டார் இனத்தை மீண்டும் பெருக்கினர். 1974இல் இப்பறவை கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் நாமக்கல் காடை, நந்தனம் காடை என்னும் வகைகளை உருவாக்கினர். இன்று நம் ஊர்களில் உணவு விடுதிகளின் பலகையில் எழுதப்பெறும் காடை, இவ்வாறு கடல் கடந்து வந்த விருந்தாளியேயாம்.

ஆராய்ச்சியாளர் இதனை விரும்புதற்குக் காரணங்கள் பல. முட்டை ஏறத்தாழ 10 கிராம் எடையுடையது. 17 நாட்களிற் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சு ஆறு வாரங்களில் தானே முட்டையிடத் தொடங்கும். ஆண்டொன்றுக்கு மூன்று நான்கு தலைமுறைகளைக் காணலாம். நம் கல்லூரியில் ஒரு மாணவர் இளங்கலை வகுப்பிற் சேர்ந்து பட்டம் பெற்று வெளியேறும் மூன்றாண்டுகளுக்குள், காடைக்குப் பத்துத் தலைமுறை கடந்துவிடும். மக்களுக்குப் பத்துத் தலைமுறை என்பது இருநூற்றைம்பது ஆண்டுகளாகும். பெற்றோரின் இயல்பு மக்களிடத்தும் பேரரிடத்தும் எவ்வாறு இறங்குகின்றது என்று தம் வாழ்நாளுக்குள் அறிய விரும்புவோர்க்கு இதனினும் எளிய துணை பறவைகளுள் அரிது.

இனி, குறை எவ்வாறு தோன்றுகின்றது என்பதைச் சிறிது கூறுவோம். காடையின் ஒவ்வோர் உயிரணுவிலும் 78 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்களால் ஆகிய ஒரு பெருநூல் எழுதப்பட்டிருப்பதாகக் கருதலாம். அந்நூலிற் பயன்படும் எழுத்துக்கள் நான்கே. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்நூல் படியெடுக்கப்படுகின்றது. ஏடு பெயர்த்தெழுதுவோன் எத்துணைக் கருத்துடையவனாயினும் ஓரோவழி எழுத்துப் பிழைத்தல் இயல்பு. ‘பால்’ என்று எழுத வேண்டிய இடத்திற் காலை விட்டுவிட்டால் ‘பல்’ ஆகிவிடும். ஒருகால் ஓர் ஏடே உதிர்ந்து போதலும் உண்டு. உயிர்நூலில் நிகழும் இத்தகைய மாறுதலைச் சடுதி மாற்றம் என்பர். பெரும்பாலான மாற்றங்கள் எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. சில மாற்றங்கள் நிறத்திலும், சில வளர்ச்சியிலும், சில உயிரிலும் போய் முடிகின்றன.

முதற்கண் நிறத்தை நோக்குவோம். இயற்கைக் காடை கபில நிறமும் வைக்கோற் கோடுகளும் உடையது. காய்ந்த புல்லிடையே அது பதுங்கினால் அருகிற் செல்வோர்க்கும் தோன்றாது. இவ்வியல்பு நிறம் மாறி, உடல் முழுவதும் கரும்பழுப்பாகப் பிறக்கும் காடைகள் உண்டு. 2006இல் இதன் காரணம் வெளியாயிற்று. நிற அணுக்கள் கரிய சாயம் செய்யத் தூண்டும் ஒரு புரதத்தில், 92ஆம் இடத்தில் நிற்க வேண்டிய அமினோ அமிலம் ஒன்றிற்குப் பதில் வேறொன்று நிற்கின்றது. அவ்வளவே. வியப்பு யாதெனின், இதே புரதத்தில் அதற்கு நேரான இடத்தில் இதே மாற்றம் கோழியிலும் எலியிலும் நேர்ந்து, அவற்றையும் கருமையாக்கியிருக்கின்றது. பறவையும் பாலூட்டியும் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும், அவ்விரண்டும் இன்னும் ஒரே நூலின் படிகளையே வைத்திருக்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மஞ்சட் காடையின் வரலாறு இதனினும் ஆழமானது. நெல் வைக்கோல் போன்ற மஞ்சள் நிறமுடைய இப்பறவை காண்பதற்கு அழகியது. அழகைக் கண்ட வளர்ப்போர் மஞ்சட் சேவலையும் மஞ்சட் பேட்டையும் இணைத்து, எல்லாக் குஞ்சுகளும் மஞ்சளாகவே பிறக்கும் என்று எதிர்பார்ப்பர். ஆனால் பொரித்த குஞ்சுகளில் இரண்டு மஞ்சளாயின் ஒன்று இயற்கை நிறமாக இருக்கும். மெண்டல் 1866இல் வெளியிட்ட கணக்கின்படி மூன்றுக்கு ஒன்று வர வேண்டும். குறைந்த அந்த ஒன்று எங்கே போயிற்று? விடை பொரிக்காத முட்டைகளில் உள்ளது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மஞ்சட் கூற்றைப் பெற்ற கரு, முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகின்றது. ஒரு கூறு பெற்றது அழகுறுகின்றது; இரு கூறு பெற்றது உயிர் துறக்கின்றது.

இப்புதிர் காடையில் மட்டும் எழுந்ததன்று. 1905இல் பிரெஞ்சு விஞ்ஞானி குவேனோ மஞ்சள் எலிகளில் இதே கணக்குத் தவறுவதைக் கண்டார். 1910இல் அமெரிக்கராகிய காசிலும் லிட்டிலும் அதன் காரணம் கருவின் சாவே என்று விளக்கினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து 2008இல், மஞ்சட் காடையின் உயிர்நூலில் 90,000 எழுத்துக்களுக்கு மேல் ஒருசேர உதிர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. உதிர்ந்த பகுதியில் இரு மரபணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துள்ளன. அவற்றை அடுத்து நின்ற நிற மரபணு, அயலானுடைய ஆணைக்கு உட்பட்டு, வேண்டாத இடங்களிலும் வேலை செய்கின்றது. அதனாலேயே மஞ்சள் நிறம். அழிந்த மரபணுக்கள் ஒரு படியேனும் இல்லாமற் கரு வளர இயலாது போலும். அதனாலேயே சாவு என்று அறிஞர் கருதுவர். மஞ்சள் எலியிலும் இதை ஒத்த பகுதியே உதிர்ந்துள்ளது. ஆகவே, அழகென்று நாம் போற்றியதும் சாவென்று அஞ்சியதும் இரு வேறு நிகழ்ச்சிகள் அல்ல. ஒரே காயத்தின் இரு முகங்கள். ஓர் உயிரின் வெளித்தோற்றத்தைக் கண்டவுடன் நன்றென்றும் தீதென்றும் தீர்ப்பளித்தல் எத்துணைப் பேதைமை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றை யாம் அறியோம்.

வெண்காடை பண்ணைத் தொழிலுக்கே பயன் தருவது. சிவந்த கண்ணும் வெளிறிய இறகும் உடைய ஒருவகை வெண்காடையின் குறை, பாலை நிர்ணயிக்கும் குரோமோசோமில் அமைந்தது. பறவைகளிற் சேவலுக்கு இசட் என்னும் குரோமோசோம் இரண்டு உண்டு. பேட்டிற்கு ஒன்றே உண்டு. மற்றொன்று டபிள்யூ எனப்படும். வெண்சேவலை இயற்கை நிறப் பேட்டுடன் இணைத்தால், பிறக்கும் பெண் குஞ்சுகள் யாவும் வெளிறியும் ஆண் குஞ்சுகள் யாவும் இயற்கை நிறத்துடனும் இருக்கும். சாதாரணக் காடைக் குஞ்சில் மார்பு இறகு முளைக்கும் மூன்றாம் வாரம் வரை ஆண் பெண் அறிதல் அரிது. இவ்விணைப்பிலோ பிறந்த அன்றே கண்ணால் பிரித்துவிடலாம். 2007இல் இக்குறைக்குரிய மரபணு அறியப்பட்டது. அதே மரபணுவின் குறை மக்களில் ஒருவகை வெண்மைப் பிறப்பிற்குக் காரணம். வெள்ளைப் புலியின் வெண்மையும் அதே மரபணுவின் மாற்றத்தால் வந்ததென்று 2013இல் தெளிவாயிற்று. காட்டரசனாகிய புலியும் கையளவுக் காடையும் ஒரே எழுத்துப் பிழையின் உறவினர் என்றால் நகைப்பு வருமேனும், உண்மை அதுவே.

நிறத்திலிருந்து வளர்ச்சிக்குச் செல்லும் வழியைக் காட்டுவது, வெள்ளை உடலிற் கருந்திட்டுக்கள் உடைய காடை. பாண்டா என்னும் கரடியின் பெயரால் அதனை அழைப்பர். இதனை விளங்கிக்கொள்ள, சாயம் செய்யும் அணுக்கள் எங்கே பிறக்கின்றன என்பதை அறிதல் வேண்டும். அவை தோலிற் பிறப்பன அல்ல. கருவின் முதுகில், நரம்புக் குழாய் மூடும் இடத்தின் வரப்பிலே தோன்றி, அங்கிருந்து உடலெங்கும் நடந்து செல்வன. இந்நடையை நேரிற் காட்டியவரும் காடையைக் கொண்டே காட்டினார். பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி நிகோல் லெ துவாரன் 1969இல், காடை அணுவின் உட்கரு கோழி அணுவின் உட்கருவினும் வேறாகத் தோன்றுவதைக் கண்டார். காடைக் கருவின் ஒரு சிறு துண்டைக் கோழிக் கருவிற் பொருத்தினால், பின்னர் எங்கெங்கே காடை அணு சென்று சேர்ந்தது என்று நுண்பெருக்கியில் எண்ணிப் பார்க்கலாம். அவ்வரப்பிலிருந்து புறப்பட்ட அணுக்களுட் சில தோலிற் சாயம் செய்வனவாகவும், சில முகத்தின் எலும்பாகவும், சில குடலை இயக்கும் நரம்புகளாகவும் ஆயின என்று இம்முறையால் அறிந்தனர்.

பாண்டாக் காடையில் இப்பயணிகளை வழிநடத்தும் ஏற்பி ஒன்று பழுதுற்றுள்ளது; 2007இல் அதுவும் அறியப்பட்டது. சாய அணுக்கள் சென்று சேராத இடம் வெண்மையாய் நின்றுவிடுகின்றது. மக்களிடத்தில் இம்மரபணுவின் உடன்பிறப்புப் போன்ற வேறொரு மரபணு பழுதுறுமாயின், சில குழந்தைகள் தோலில் வெண்திட்டுக்களோடு, பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்களே இல்லாமற் பிறக்கும். அக்குடல் இயங்காது; அறுவைச் சிகிச்சை இன்றேல் உயிர்க்கே ஆபத்து. தோலின் வெள்ளைத் திட்டிற்கும் குடலின் அடைப்பிற்கும் என்ன உறவு என்று வைத்தியர் வியந்த காலம் உண்டு. இரண்டும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட பயணிகள் வந்து சேராமையால் விளைந்தவை என்பதே விடை.

இவற்றை வகுப்பில் விளக்கி வந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் பொருந்தும். கருவின் வளர்ச்சியைக் காட்டுதற்பொருட்டு, ஒரு பண்ணையிலிருந்து காடை முட்டைகள் சிலவற்றை வாங்கி, ஆய்வுக்கூடத்து இன்குபேட்டரில் வைத்திருந்தோம். மாணவர் முறை வைத்து முட்டைகளைத் திருப்பினர். விடுமுறை நாளிலும் தவறாமல் வந்தனர். பதினேழாம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. பெருவிரல் அளவேயான அவை உலர்ந்தவுடன் ஓடத் தொடங்கின. அவற்றுள் ஒன்று மட்டும் தலை நிலையாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. தீனித் தட்டை நோக்கிச் செல்லும். கொத்தும்போது அலகு தட்டிற்கு வெளியே விழும். தீனி கொண்டுவந்த பண்ணையாள் அதனைப் பார்த்து, “இது தேறாது, சாமி, எடுத்துப் போட்டுவிடுங்கள்” என்றார். அவர் சொல்லிற் கொடுமை இல்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பார்ப்பவரின் பழக்கமே இருந்தது. அருகில் நின்ற மாணவி ஒருவர், “ஐயா, எடுத்துப் போடத்தான் வேண்டுமா?” என்று வினவினார். அவ்வினாவிற்கு உடனே ஒரு சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. இக்கட்டுரையே அவ்விடையை எண்ணி எழுந்ததாகும்.

அன்று யாம் கூறியது இதுவே: “முதலில் இது பரம்பரைக் குறையா என்று அறிவோம்.” நடுக்கமெல்லாம் சடுதி மாற்றத்தால் வருவதன்று. தாயின் தீனியில் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் குஞ்சு நடுங்கும். அடைகாக்கும் சூடு மிகுந்தாலும் உறுப்புக் கெடும். வெளியே ஒன்றுபோலத் தோன்றும் குறைகள் உள்ளே வெவ்வேறு காரணம் உடையனவாதல் கூடும். அறிதற்கு வழி ஒன்றே: அதே பெற்றோரின் முட்டைகளை மீண்டும் நல்ல தீனியிலும் சரியான சூட்டிலும் பொரிக்கச் செய்து, குறை மீண்டும் எண்ணிக்கைக்கு ஒத்து வருகின்றதா என்று பார்த்தல். எம் குஞ்சின் பெற்றோர் எவை என்பதைப் பண்ணையில் எவரும் குறித்து வைத்திருக்கவில்லை. அம்மாணவி அதற்குத் தீனியை நீரிற் குழைத்துத் துளித்துளியாக ஊட்டினார். நாள்தோறும் அதன் எடையையும் நடுக்கத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். அது பதினோரு நாள் வாழ்ந்தது.

அக்குறிப்பேட்டின் பயன் யாது என்று கேட்பார் உண்டு. அவர்க்கு இரண்டு வரலாறுகளைக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, ஜப்பானில் நடுங்கும் காடைகளைக் கண்ட ஆராய்ச்சியாளர் அவற்றை எறிந்துவிடாமல் ஒரு வழித்தோன்றலாகப் பேணிய வரலாறு. அக்காடைகளின் நரம்பிழைகள் மிக மெலிந்திருப்பதை 1991இல் வெளியிட்டனர். நரம்பிழையினுள்ளே நெடுகக் கிடக்கும் நுண்நூல்கள் அவற்றில் இல்லை. 1993இல் காரணம் வெளிப்பட்டது: அந்நுண்நூலுக்குரிய ஒரு புரதத்தின் மரபணுவில், வாக்கியம் முடியுமுன்னரே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. நரம்பிழையின் பருமனை நிர்ணயிப்பது எது என்னும் நெடுநாள் வினாவிற்கு இந்நடுங்கும் பறவை தெளிவான விடை தந்தது. ஏழாண்டுகள் கழித்து 2000இல், கைகால் தசைகள் மெலியும் ஒரு பரம்பரை நரம்புநோயுற்ற மக்களிடத்தில் அதே மரபணுவின் பிழை கண்டறியப்பட்டது.

இரண்டாவது வரலாறு இன்னும் உருக்கமானது. 1932இல் ஆலந்து நாட்டு வைத்தியர் பொம்பே, இதயம் அளவுக்கு மீறிப் பெருத்து இறந்த ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் நோயை விவரித்தார். தசைகளிலெல்லாம் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் தேங்கிக் கிடந்தது. நாஜியரை எதிர்த்தமையால் 1945இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் விவரித்த நோய்க்கோ மருந்து பிறக்கவில்லை. 1963இல் பெல்ஜியத்து அறிஞர் ஏர்சு, அம்மாவுப்பொருளைக் கரைக்கும் நொதி ஒன்று அக்குழந்தைகளிடம் இல்லை என்று கண்டறிந்தார். அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் தலை நிமிர்த்தவும் இயலாதனவாய், பெரும்பாலும் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன.

இந்நோயே ஜப்பானியக் காடைகள் சிலவற்றினிடத்தும் காணப்பட்டது. அவை குஞ்சாய் இருக்கும்போது ஏனையவற்றைப் போன்றே ஓடும். சில வாரங்களிற் சிறகைத் தூக்க இயலாது போகும். மல்லாத்திவிட்டால் தாமே புரண்டு எழ மாட்டா. ஆராய்ச்சியாளர் இக்காடைகளையும் பேணி வைத்திருந்தனர். 1998இல் ஜப்பானியரும் அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தாரும் கூடி ஒரு சோதனை செய்தனர். நான்கு வார வயதுடைய ஆறு நோய்க்காடைகளைக் கொண்டனர். செயற்கையாய்ச் செய்த மனித நொதியைச் சிலவற்றிற்கு மிகுதியாகவும் சிலவற்றிற்குக் குறைவாகவும் இரத்தக்குழாய் வழியே செலுத்தினர். எஞ்சியவற்றிற்கு நொதியில்லாத நீர்மத்தையே செலுத்தினர். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையாக ஏழு முறை செலுத்தினர். பதினெட்டாம் நாள், மிகுதியாகப் பெற்ற இரு காடைகளும் மல்லாத்தியபோது தாமே புரண்டு எழுந்தன, சிறகடித்தன. அவற்றுள் ஒன்று நூறு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிப் பறந்தது.

நூறு சென்டிமீட்டர் என்பது ஒரு மேசையின் உயரத்தினும் சிறிதே மிகுதி. வானத்திற் பறக்கும் பறவைகளுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆயினும் சிறகு தூக்க இயலாத அக்காடையின் அவ்வெழுச்சியை எண்ணுந்தோறும் எம் உள்ளம் நெகிழ்கின்றது. 2001இல் அந்நொதி மூன்று பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. மூன்றும் ஓராண்டு என்னும் எல்லையைக் கடந்தன. 2006இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. நோயை வேரோடு அது களைவதில்லை. வாழ்நாள் முழுவதும் செலுத்த வேண்டும். விலையும் மிக அதிகம். எனினும் ஓராண்டிற்குள் மறைய வேண்டியிருந்த குழந்தைகள் பலர் இன்று பள்ளிக்குச் செல்லுகின்றனர். அக்காடைகளை எவரேனும், “இவை தேறா” என்று தொடக்கத்திலேயே எறிந்திருப்பின், இவ்வழி இத்துணை விரைவில் திறந்திராது.

ஆயின், குறையுற்ற பறவைகளையெல்லாம் பேணுதல் எளிதன்று. ஒரு வழித்தோன்றலைக் காப்பதற்கு ஆண்டு முழுவதும் தீனி வேண்டும், கூடு வேண்டும், கணக்கெழுதும் பொறுமையுடைய ஆள் வேண்டும். பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றால் அவர் நாற்பதாண்டு பேணிய பறவைகள் ஒரு வாரத்தில் நீக்கப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வாறு அழிந்தவற்றையும் அழியும் நிலையில் இருப்பவற்றையும் தொகுத்து, 1999இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளிவந்தது. ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழகம் காடைகளின் பல வழிகளைப் பேணி ஆராய்வோர்க்கு உதவி வருகின்றது. நூல்நிலையத்தில் ஓலைச்சுவடி செல்லரிக்கும்போது வருந்தும் நாம், உயிருள்ள சுவடி அழிவதையும் இழப்பென்று கருதுதல் வேண்டும்.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் எம் கடமை. குறையுற்ற உயிர் நமக்குப் பயன்படும் என்பதற்காகவே அதனை மதிக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அப்படிக் கருதினால், பயன் தராத குறை இகழத்தக்கது என்றாகிவிடும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே, கால்நடைக்கு உரிய பொறுக்கும் நெறியை மக்கள் மீது ஏற்றி, சில நாடுகள் செய்த கொடுமைகளை வரலாறு அறியும். மரபு நூலைக் கற்போர் அவ்வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும். பண்ணைக்காரன் நடுங்கும் பறவையை இனப்பெருக்கத்திற்கு வையாமை தவறன்று. வலியுற்றுத் துடிக்கும் உயிரின் துன்பத்தை நீட்டாமையும் அறமே. ஆய்வுக்கூடத்திற் பிறந்து நோயோடு வாழ்ந்து இறந்த காடைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம் என்பதையும் மறத்தல் ஆகாது. அக்கடனைத் தீர்க்கும் வழி, அவற்றைத் தேவைக்கு மேல் வருத்தாமையும், அவை கற்பித்ததை வீணாக்காமையுமே.

ஆகவே அம்மாணவியின் வினாவிற்கு எம் விடை இது. எடுத்துப் போடுவதா, வைத்துக் காப்பதா என்பது இரண்டாவது வினா. நன்றாகப் பார்த்தோமா என்பதே முதல் வினா. நீக்குமுன் நோக்குக; நோக்கியதை எழுதுக; எழுதியதைப் பிறர் காணுமாறு வைக்குக. பெற்றோரையும் நாளையும் தீனியையும் சூட்டையும் குறிக்காத கண், கண்டும் காணாத கண்ணேயாம். பெரிய கருவிகளும் பெருஞ்செல்வமும் இல்லாத நம் கல்லூரிகளிலும் இதனைச் செய்ய இயலும். ஒரு குறிப்பேடும், ஒரு தராசும், பொறுமையும் போதும்.

பட்டம் பெற்றுச் செல்லும் மாணவ நண்பர்களுட் சிலர் பண்ணை நடத்துவீர்கள், சிலர் வைத்தியராவீர்கள், சிலர் பள்ளியிற் கற்பிப்பீர்கள். எங்கே இருப்பினும், வரிசைக்கு ஒத்து வராத ஒன்று உங்கள் முன் நிற்கும் நாள் வரும். அது ஒரு குஞ்சாக இருக்கலாம், ஒரு கதிராக இருக்கலாம், கடைசி விசுப்பலகையில் இருக்கும் ஒரு சிறுவனாகவும் இருக்கலாம். அதனை ஒதுக்குதற்குக் கை விரையும். அக்கையைச் சிறிது நிறுத்தி, கண்ணுக்கு ஒரு நாழிகை இடம் கொடுங்கள். யாம் வேண்டுவது அவ்வளவே.